தங்கப் பட்டைச் சுருட்டு

“இது வேண்டாங்க, வாசமே இல்ல. அடுத்த கடை பாப்போம்” என்றாள் சுமதி.

உமாசங்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சார்மினாரைச் சுற்றி ஏறாத கடை இல்லை. வளையல் பேரம் பேசும் வெளியூர்க் கூட்டத்துக்கும் கேமராவும் கையுமாகத் திரியும் வெள்ளைக்காரர்களுக்கும் நடுவில், அவன் பெண்டாட்டி மட்டும் சுருட்டு தேடி அலைகிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு ஒரு சட்டை எடுக்கக்கூட இவள் இரண்டாவது கடை ஏறியதில்லை.

“யாருக்குன்னு சொன்னா நானும் சேந்து தேடுவேன்ல?”

“ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். குடுத்து முடிக்கிற வரைக்கும் கேக்காதீங்க.”

ஒருத்தராம். அது யாரென்று அவனுக்குத் தெரியாதா? ஜகதீசன். சுமதியின் சாஃப்ட்வேர் கம்பெனியில் அவளுடைய மேலதிகாரி. கம்பெனி விருந்தில் புல்தரையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அந்த ஆள் சுருட்டு புகைத்ததை உமாசங்கர் கண்ணாரப் பார்த்திருக்கிறான்.

வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் ஜகதீசன் சாரில்தான் போய் முடியும். அவருக்கு என்ன மூளை, அவருக்கு என்ன பொறுமை. அவர் வெள்ளிக்கிழமையோடு அமெரிக்காவுக்கு மாற்றலாகிப் போகிறார் என்று கேட்டபோது உமாசங்கருக்கு உள்ளூரக் கொண்டாட்டம். இப்போது பார்த்தால் வழியனுப்ப சுருட்டு. அங்கே போய் உட்கார்ந்துகொண்டு இவளையும் வரச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு அவனை அரித்தது.

கடைசியில் ஒரு சந்துக்குள், அத்தர்க் கடைக்குப் பக்கத்தில் இன்னொரு கடை அகப்பட்டது. வெள்ளைத் தாடிக் கடைக்காரர், சுமதி கையில் எடுத்ததை “நக்கோ பேட்டி, நக்கோ”, வேண்டாம் மகளே என்று வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். ஒவ்வொரு சுருட்டின் இடுப்பிலும் தங்க நிறத்தில் ஒரு காகிதப் பட்டை. சுமதி ஒன்றை எடுத்து, கண்ணை மூடி முகர்ந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து உமாசங்கருக்குக் காதில் புகை வந்தது.

“இதான். இது அவருக்குப் பிடிக்கும்.”

“ஏன், சாதாரணமானதெல்லாம் தொட மாட்டாரோ?”

“மட்டமா இருந்தா அவருக்குப் பொல்லாத கோபம் வருங்க.”

“வரட்டுமே” என்றான் உமாசங்கர். தன் கோபத்துக்கு அந்த வீட்டில் என்றைக்காவது இவ்வளவு மரியாதை கிடைத்ததுண்டா என்று யோசித்தான்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது, வழக்கமாக அவன் தோளைப் பிடிக்கும் கை பெட்டியைப் பிடித்திருந்தது. “மெதுவாப் போங்க, ஒடஞ்சிரும்” என்று சைனிக்புரியில் வீடு வந்து சேரும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். அலமாரியில் அவளுடைய கல்யாணப் பட்டுக்கு மேலேயே பெட்டிக்கு இடம் கிடைத்தது. அன்று இரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை சுமதி வர நேரமாகும் என்று தெரிந்ததும், அவன் நாச்சாரத்தில் ஒரு பெட்டிக்கடையில் இருப்பதிலேயே மட்டமான சுருட்டாகப் பார்த்துக் கேட்டான்.

“சார், இது பூசணம் பிடிச்சது” என்று கடைக்காரனே தயங்கினான்.

“அதுதான் வேணும்.”

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, தங்கப் பட்டைகளைக் கிழியாமல் உருவி, பூசணச் சுருட்டுகளுக்கு மாட்டி, பெட்டியில் அடுக்கினான். பள்ளிக்கூடத்தில்கூட அவன் இத்தனை பொறுமையாகக் கைவேலை செய்ததில்லை. நல்ல சுருட்டுகள் மறுநாள் மல்லாபூரில் அவன் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் வாட்ச்மேனுக்குப் போய்ச் சேர்ந்தன.

வெள்ளிக்கிழமை மாலை அலமாரியில் பெட்டி இல்லை. ஊர் உலகமெல்லாம் மெச்சும் ஜகதீசன் சார் முதல் இழுப்பிலேயே கண் பிதுங்கி இருமுவதை நினைத்து, அவன் சனிக்கிழமை முழுக்கத் தனக்குள் சிரித்துக்கொண்டான். துணி உலர்த்தும்போதுகூட விசிலடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அடக்க முடியாமல் கேட்டேவிட்டான். “என்ன, ஜகதீசன் சாருக்குச் சுருட்டு பிடிச்சிருந்துச்சா?”

“அவருக்கு எதுக்குச் சுருட்டு? எல்லாரும் சேந்து ஒரு பேனா வாங்கிக் குடுத்தோம். அவர் சுருட்டு பிடிக்கறத விட்டே மாசக்கணக்காச்சு.”

“அப்ப அந்தப் பெட்டி?”

சுமதி பதில் சொல்வதற்குள் சொந்த ஊர் மேலூரிலிருந்து அவள் அம்மாவின் போன் வந்தது. “சொல்லும்மா, முடிஞ்சுதா?” என்று ஆசையாக ஆரம்பித்தவளின் முகம் கேட்கக் கேட்க வெளுத்தது. “நான் வாசம் பாத்துத்தானேம்மா வாங்கினேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

“என்ன ஆச்சு சுமதி?”

“போன மழைக்கு நிமோனியா வந்து நீங்க ஐ.சி.யூ.ல கெடந்தீங்களே, அப்ப எங்க கருப்பசாமிக்கு வேண்டிக்கிட்டேங்க. நீங்க எந்திரிச்சு உக்காந்தா, ஊர்ல கிடைக்காத ஒசத்திச் சுருட்டு வாங்கிப் படைக்கிறேன்னு. முடியற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னுதான் உங்ககிட்டயும் சொல்லல. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போன அண்ணன்கிட்ட குடுத்துவிட்டேன். இன்னைக்குப் படைச்சிருக்காங்க.”

உமாசங்கர் அலமாரிப் பக்கம் பார்க்காமல் கேட்டான். “படைச்சாச்சுல்ல? அப்புறம் என்ன?”

“பெரியப்பா மேல கருப்பு எறங்கி, சுருட்டப் பத்த வச்சு ஒரு இழுப்பு இழுத்துச்சாம். தூன்னு துப்பிட்டு, ‘எவனப் பொழைக்க வச்சேனோ அவன ஒடனே இங்க வரச் சொல்லு’ன்னு அருவாளோட நிக்குதாங்க.”