அபஸ்வரம்

கனடாவின் ஒஷாவா நகரில், டிரம் அடித்தும் பியூகிள் என்னும் ஊதுகொம்பை ஊதியும் அணிவகுத்த பழைய இசை அணியினர் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு கூடியிருந்தார்கள். ஆர்வில் நுழைந்ததுமே கிண்டல் தொடங்கியது.

"வாய்யா! இறுதிப் போட்டியில அபஸ்வரம் ஊதி, கோப்பையைக் கோட்டைவிட்ட மகராசன் வந்துட்டான்!"

ஆர்வில் சிரித்து வைத்தார். அந்தத் தோல்வியோடு பியூகிளைத் தூக்கிப் போட்டவர், பிறகு தொடவே இல்லை. இசைக் கல்லூரியில் கிடைத்த இடத்தையும் உதறிவிட்டு, கார் ஆலையில் போல்ட் முடுக்கியே ஓய்வு பெற்றார்.

அந்த இறுதிப் போட்டியில் அவருக்குப் பக்கத்தில் பியூகிள் ஊதியபடி நடந்த க்ளேட்டன், அவரை ஓரமாக அழைத்துப் போனார். கண்கள் கலங்கியிருந்தன.

"ரெண்டு பேரும் சேர்ந்துதானேடா ஊதினோம்? பிசகினவன் நான்டா. எல்லாரும் உன்னையே திட்டினப்போ, அதை நீ ஏன் சொல்லல?"

ஆர்வில் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதேடா... நான்தான்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்!"