இது பூகம்பம் இல்லை

மணி அலறியது.

மயிலாப்பூரின் அந்த மூன்று மாடிக் குடியிருப்பே அடித்துப் பிடித்துத் தெருவுக்கு ஓடி வந்தது. லாத்தூர் பூகம்பம் நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பேப்பரில் பார்த்த படங்கள் யார் கண்ணை விட்டும் போகவில்லை.

"ஏன்னா, நிஜமாவே வரப்போறதா?" நீரஜா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணராமன் கட்டடத்தையே அண்ணாந்து பார்த்தார். ரிடையர்டு இன்ஜினீயரிங் புரொபசர். மாடிப்படிக்கு அடியில் அதிர்வு பார்க்கும் கருவியைப் புதைத்து, வயர் இழுத்து, தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டியவர் அவர்தான். பெரிய ஆட்டம் வருவதற்குச் சில விநாடி முன்பே மணி அடித்துவிடுமாம்.

பத்து நிமிடம் ஆயிற்று. ஒன்றுமே ஆடவில்லை.

"கீழ் வீட்டு ஜெயலக்ஷ்மி மாமி மட்டும் வெளில வரலை, பாத்தேளா சார்?" பாதி ஷேவிங் நுரையோடு நின்ற பரத்வாஜ் கேட்டார். "மீட்டிங்ல இந்த மணியே வேண்டாம்னு சண்டை போட்டவளாச்சே. என்ன திமிர்!"

கல்யாணராமன் நீரஜாவோடு மேலே போய்த் திரையைப் பார்த்தார். கோடு மூன்று மூன்றாகத் துள்ளியிருந்தது. தட், தட், தட். கொஞ்சம் விட்டு, மறுபடி தட், தட், தட்.

"தரையை இடிக்கறா! மாடிப்படியை ஒட்டி இருக்கறது மாமியாத்துக் கூடம்தானே? நம்மளை ஓட வெக்கணும்னே பண்றா."

"போய்க் கேட்டுட்டு வாங்கோளேன்."

"அவாத்து வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன். மெஷினுக்குச் சொல்லிக் குடுத்துட்டாப் போறது."

"அதுக்கெல்லாம் புரியுமா?"

"நியூரல் நெட்வொர்க்டி. நம்ம மூளை மாதிரி. தண்ணி லாரி பூகம்பம் இல்லைன்னு சொல்லிக் குடுத்தேன், கத்துண்டுதோல்லியோ?"

ஒரு மணி நேரம் உட்கார்ந்து கற்றுக் கொடுத்தார். இந்தத் தட்டல் பூகம்பம் இல்லை. வந்தால் பேசாமல் இரு.

பதினோரு மணிக்குக் கோடு மறுபடி துள்ளியது. மணி வாயைத் திறக்கவில்லை.

"சமத்து!" என்று கம்ப்யூட்டரைத் தட்டிக் கொடுத்தார்.

துள்ளல் வரவரச் சிறுத்து, மதியத்துக்குள் நின்றேவிட்டது.

மாமி வீட்டில் வேலை செய்யும் தாயம்மா மூச்சிரைக்க மேலே ஓடி வந்தாள்.

"சார், மாமி கதவத் தொறக்க மாட்டேங்குது. உள்ள மொனகுற சத்தம் கேக்குது. பயமா கீது சார்!"

கல்யாணராமன் படியிறங்கி ஓடினார்.

கதவை உடைத்தார்கள். மாமி தரையில் கிடந்தார். காலையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு முறிந்து, நகர முடியவில்லை. கையில் ஒரு பித்தளைச் சொம்பு. அதன் அடிப்பக்கம் நசுங்கியிருந்தது.

"கத்திப் பாத்தேன், குரலே எழும்பலை." மாமியின் உதடு மெல்ல அசைந்தது. "உங்க மெஷினுக்காவது கேட்டுதே. இதைப் போய் வேண்டாம்னேன், மன்னிச்சுடுங்கோ."

கல்யாணராமன் அந்தச் சொம்பை மாமியின் கையிலிருந்து மெல்ல வாங்கினார்.

"மொதல்ல நன்னாக் கேட்டுதே புரொபசர்... அப்பறம் அதுக்கும் என்னாச்சு?"