எட்டாம் பொத்தான்

லிஃப்ட் சரியாகி இருபது நிமிடம் ஆகிவிட்டது. மெக்கானிக்தான் இன்னும் சரியாகவில்லை.

மொட்டை மாடி மோட்டார் அறையில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்து, போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். மெயின் சுவிட்சைப் போட வேண்டியதுதான் பாக்கி. கீழே பதினோரு மாடிக்காரர்களும் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் ஒரு கொசு.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், பொத்தானை அமுக்கி அமுக்கி ரிங்டோனை நாமே செய்துகொண்ட காலத்தில், ஓர் அரட்டைத் தளத்தில் 'கொசுராஜா' என்ற பெயரில் ஒரு மெட்டு வந்தது. எந்தப் பொத்தானை எத்தனை தரம் அமுக்க வேண்டும் என்கிற பட்டியல், அவ்வளவுதான். அமுக்கி முடித்தால் ஒரு கொசு காதருகே வரும், பாடும், சட்டென்று நிற்கும். ஒழிந்தது என்று நாம் நினைக்கும் நேரம் பார்த்து மறுபடி பாடும்.

போன வாரம் யாரோ ஒரு பழைய போனிலிருந்து அதைத் தோண்டியெடுத்தார்கள். பெயரும் ஒட்டிக்கொண்டே வந்தது. இப்போது எங்கே பார்த்தாலும் கொசு. பள்ளிப் பிள்ளைகள் அதற்கு ஆடுகிறார்கள். ஒரு பல் டாக்டர் அதைத் தன் விளம்பரத்துக்கு வைத்திருக்கிறார்.

அதெல்லாம் பரவாயில்லை. நேற்று நீலத் தொப்பி போட்ட ஒருவன் வீடியோவில் வந்து, நான்தான் கொசுராஜா என்றான். நாலு லட்சம் பேர் கைதட்டியாயிற்று.

"நடுவுல ஒரு கேப் வருது பாருங்க, அது நான் யோசிச்சு யோசிச்சு வச்சது. மௌனமும் இசைதான் ப்ரோ."

மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மௌனமாம், மண்ணாங்கட்டியாம்!

அது எட்டாம் பொத்தான். அந்தப் பழைய போனில் எட்டு வேலை செய்யாது. நன்றாக இருந்த எட்டைக் கழற்றிச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று சாகடித்தது சாட்சாத் அவரேதான். அவர் கைவைத்த முதல் இயந்திரம் அது. மெட்டுக்கு எட்டு தேவைப்பட்ட இடத்தை வேறு வழியில்லாமல் சும்மா விட்டது, இன்றைக்குத் தத்துவமாகித் தொப்பி போட்டுக்கொண்டு பேசுகிறது.

"விடுங்க, ஒரு கொசுவுக்காகவா கோர்ட்டுக்குப் போவாங்க?" என்று காலையில் மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு, அவர் பார்க்கவில்லை என்று நினைத்து, தொப்பிக்காரனுக்கு ஒரு கோப முகத்தைத் தட்டிவிட்டாள்.

அவரால் விட முடியவில்லை. வீடியோவுக்குக் கீழே எழுதினார்: 'அது யோசனை இல்லை. எட்டாம் பொத்தான் கெட்டுப்போனது. எனக்குத் தெரியும்.'

'வந்துட்டார்யா முந்நூறாவது கொசுராஜா!'

'அங்கிள், மாத்திரை போட்டீங்களா?'

டூல்ஸ் பையிலிருந்து அந்தப் பழைய போனையே எடுத்துப் படம் பிடித்துப் போட்டார். இதெல்லாம் பழைய சாமான் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிறது என்றார்கள். ஒரு பெண் மட்டும் கனிவாக எழுதியிருந்தாள்: 'அந்தப் பழைய கணக்குல உள்ளே போய் ஒரு வணக்கம் போடுங்க. நாங்க நம்பறோம்.'

நியாயம்தான். எழுந்து நடந்தார். இரண்டடி வைப்பதற்குள் மோட்டார் முட்டியது. திரும்பி வந்து வாளியில் உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

அந்தத் தளம் இன்னும் சாகவில்லை. புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். எழுதியதையெல்லாம் படிக்கப் பழைய ஆள் கடவுச்சொல் கொடுத்து உள்ளே போக வேண்டும். வெளியிலிருந்து தெரிவது கிரீடம் வைத்த ஒரு கொசுப் படம், அதன் கீழே ஒரு வரி.

கடவுச்சொல் அவருக்கு மறக்குமா? வீட்டில் அவருக்கு வைத்த பட்டப்பெயர்தான்: ரிப்பேர். அடித்து முடித்தார். கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

போன் அதிர்ந்தது. அபார்ட்மென்ட் மேனேஜர்.

"அண்ணே, உசுரோட இருக்கீங்களா? நாலாவது மாடிப் படியில ஒரு ஃப்ரிட்ஜ் நிக்குது. தூக்கிட்டு வந்தவங்க அதும்மேலயே உக்காந்துட்டாங்க!"

"இதோ ஆச்சுப்பா. ஒரு நொடி சும்மா இரு."

வைத்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

அந்தப் பொத்தான் பட்டியலின் நடுவே கொசுராஜாவும் இப்படித்தான் எழுதியிருந்தான். அவருக்கு அது மனப்பாடம்: 'இங்கே ஒரு நொடி சும்மா இருங்க. எட்டை எங்கண்ணன் ரிப்பேர் பண்ணிட்டான்.'

ஒரு தட்டு தட்டினால் போதும். அதை எடுத்துப் போடலாம். நாலு லட்சம் பேர் முன்னால் தொப்பிக்காரன் மூக்கறுபடுவான். கொசு யாருடையது என்று உலகத்துக்குத் தெரிந்துவிடும்.

கொசுப் படத்தின் கீழே இருக்கும் வரியும் மாறிவிடும். அங்கே இன்றைய தேதி விழும்.

பத்தொன்பது வயதுத் தம்பி, கம்ப்யூட்டரைக்கூட அணைக்காமல், இதோ வந்துடறேன் என்று பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிய நாள் அந்த வரியில்தான் இருக்கிறது.

ரிப்பேர் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.

பிறகு மெயின் சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. கீழே எங்கோ யாரோ கைதட்டினார்கள்.

திரையில் கொசு கிரீடத்தோடு அப்படியே இருந்தது.

'கடைசி வருகை: 14.10.2003, செவ்வாய், மாலை 4.10.'