ஆறாவது ஓட்டை

ஐந்து ஓட்டைகள்தான் தெரிகின்றன. சுட்டதோ ஆறு. மொன்டானா குன்றுகள்மேல் சாய்ந்துவிட்ட அக்டோபர் வெயிலில் காகித இலக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள் வெர்னா. ஓட்டைகள் வழியே வரும் வெளிச்சம் அவள் கன்னத்தில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. மணிக்கட்டு அறுவைக்குப் பிறகு இதுதான் முதல் போட்டி. ஆறில் ஒன்று தவறினாலும் ரிவால்வரை விற்றுவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வழக்கமான குண்டின் உதையை அந்தக் கை தாங்காது என்றுதான், வெடிமருந்து குறைவான, தலை தட்டையான வாட்கட்டர் குண்டுக்கு மாறினாள். "மூக்கறுந்த குண்டை வச்சுக்கிட்டு எதைச் சுடப் போற?" என்று காலையில் கேலி செய்த ஹார்லன்தான் இப்போது மதிப்பெண் போடுகிறார்.

"ஒண்ணு குறி தப்பிப் பின்னாடி மண்மேட்டுக்குப் போயிடுச்சு போல, வெர்னா."

"கண்ணாடிய வச்சுப் பாருய்யா முதல்ல."

பூதக்கண்ணாடியை நடு ஓட்டையின்மேல் வைத்துக் குனிகிறார். உருண்டை மூக்குக் குண்டாக இருந்தால் காகிதம் பிய்ந்து, விளிம்பில் எதுவும் தெரியாமல் போயிருக்கும். இது நறுக்கென்று வெட்டியிருக்கிறது. அந்த வட்டத்தின் வலப்பக்கம், நகத்துண்டு போல, இன்னொரு வட்டத்தின் ஓரம் எட்டிப் பார்க்கிறது.

"அடிப்பாவி! ஒரே ஓட்டைக்குள்ள ரெண்டு!"

வெர்னா அடக்கி வைத்திருந்த மூச்சை விடுகிறாள். விரல்களை மெல்ல மடக்கி விரிக்கிறாள். வலி இல்லை. ஹார்லன் ஆறு என்று எழுதுகிறார், பேனாவை மூடுகிறார், ஆனால் நகரவில்லை. முட்டி வீங்கிய தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்துகிறார்.

"அந்த மூக்கறுந்தது ஒரு டப்பா மிச்சமிருக்குமா?"