சாப்பாட்டு நேரத்துப் பாரம்

கட்டடத்துல ஏறி வேலை பார்க்கக் கட்டுற ஒரு சாரத்துக்கு எவ்வளவு கம்பி இருந்தா போதும்னு கேட்டா நீங்க என்ன சொல்வீங்க? இங்க வளைகுடால, எங்க சைட்ல, அதைக் கம்ப்யூட்டர்தான் சொல்லுது. ஆளுங்க பாரத்தை அளந்து, வேண்டாத கம்பியை மெஷினை வச்சுக் கழட்டிரும். யாருக்கு எப்ப வேலை, எப்ப சாப்பாடுன்னு போடுறதும் அதுதான்.

நான் வெல்டர். அந்தக் கணக்கை போன்ல பார்த்துப் படிச்சுக்கிட்டிருக்கேன். போன வாரம் சாரத்தோட வடக்கு மூலைல கம்பி ரொம்பக் கொறைஞ்சு போச்சு. அங்கதான் நாங்க தமிழாளுங்க ஏழு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். நாங்க வாயாரத் தமிழ் பேசுறதே அந்த அரை மணி நேரந்தான். சாப்பாட்டு நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. அதனால அப்ப ஏறுற பாரத்தை கம்ப்யூட்டர் அளக்கிறதே இல்ல.

"பலகை ஆடுது இன்ஜினியரே, எங்களைக் கீழ தள்ளவா படிக்கிற?"ன்னு எங்க ஏழு பேர்ல மூத்த மைதீன் அண்ணன் கேட்டார்.

ஃபோர்மேன் தங்கப்பன்கிட்ட ஓடினேன். "நீதான் படிக்கியேடே, நீயே நிபந்தனையைப் போடு"ன்னு கம்ப்யூட்டர் திரையை எம்பக்கம் திருப்பினார்.

சாப்பாட்டு நேரத்துலயும் வடக்கு மூலைல தாங்குற அளவுக்கு மேல பாரம் ஏறக்கூடாதுன்னு போட்டேன். கம்பியைக் கூட்டிரும்னு நம்பினேன். நாங்க ஒண்ணா சாப்பிடணும்ங்கறதையும் போடணும்னு எனக்குத் தோணவே இல்ல.

"இனி பயமில்லண்ணே"ன்னு மைதீன் அண்ணன்கிட்டச் சொன்னேன்.

"அப்ப நாளைக்கு எல்லாருக்கும் என் மீன் குழம்பு"ன்னார்.

மறுநாள் காலைல கம்ப்யூட்டர் ஏழு பேருக்கும் தனித்தனி சாப்பாட்டு நேரம் போட்டிருந்துச்சு. கம்பி ஒண்ணுகூடக் கூடல.