நாற்பத்தொன்றாம் நம்பர் ஜாக்கெட்

“என்ன இது, எல்லாப் படத்துலயும் முதுகைத்தான் எடுத்துட்டு வந்திருக்கீங்க?”

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீலம்மா படங்களை மேஜைமேல் போட்டார். எதிரே நின்ற கேமராக்காரர் தலையைச் சொறிந்தார். பணம் கேட்பவர்கள் நிஜமாகவே அடிபட்டவர்கள்தானா என்று பின்னாலேயே போய்ப் பார்த்துப் படம் எடுத்து வருவது அவர் வேலை.

“நம்பர் முதுகுலதானே மேடம் இருக்கு?”

“தலையிலேர்ந்து கால் வரைக்கும் முழுசா எடுக்கத் தெரியுது. முகத்தை எடுக்கத் தெரியலையா?”

“படியேறும்போது முகம் எப்படி மேடம் தெரியும்?”

வக்கீலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கேஸுக்கு இது போதும். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒருவர், வண்டியிலிருந்து விழுந்து முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன் செய்யாமல் ஒரு படிகூட ஏற முடியாது என்று பணம் கேட்டிருக்கிறார். படத்திலோ, ஆபீஸில் கொடுத்த அவருடைய நாற்பத்தொன்றாம் நம்பர் ஜாக்கெட், கையில் பெட்டியோடு ஜம்மென்று மாடி ஏறிக்கொண்டிருக்கிறது. அதுவும் ஒரு நாள் இல்லை, ஒரு வாரமாக.

“அந்த ஆளை இன்னிக்கு ஒரு கை பார்த்துடறேன்,” என்று படங்களை அள்ளிக்கொண்டு கிளம்பினார்.

விசாரணை அறையில் நடுவர் ஏற்கெனவே வந்திருந்தார். பார்சல்காரர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து உட்கார்ந்தார். நல்லாத்தான் நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார் வக்கீலம்மா. பொய்யைப் பிடிப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

படங்களை வரிசையாக மேஜைமேல் பரப்பினார்.

“இது உங்க ஜாக்கெட்தானே?”

“ஆமாம்மா.”

“நாப்பத்தொண்ணு உங்க நம்பர்தானே?”

“ஆமா.”

“அப்ப படியேறிப் போறது யாரு?”

பார்சல்காரர் படங்களைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போனது. பக்கத்திலிருந்த மனைவி பதறினார்.

“ஏங்க, சொல்லிடுங்க…”

அவர் சட்டென்று மனைவியின் கையை அழுத்தினார். பிறகு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“நான்தாம்மா.”

அவருடைய வக்கீலே திகைத்துப் போய்விட்டார். நடுவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“யோசிச்சுதான் சொல்றீங்களா? பணம் வராது, ஆபரேஷனும் நடக்காது. ஏமாத்தினீங்கன்னு கம்பெனி போலீஸுக்கும் போகும்.”

“தெரியுதுங்க ஐயா.”

இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில் வக்கீலம்மாவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் பார்த்த பொய்யர்கள் எல்லாரும் வாய் ஓயாமல் பேசுகிறவர்கள். அண்ணன் தம்பி மேல் சத்தியம் செய்கிறவர்கள். இப்படி ஒரே வார்த்தையில் கழுத்தை நீட்டிய பொய்யரை அவர் பார்த்ததே இல்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படங்களை மறுபடி பார்த்தார். இதுவரை நம்பரை மட்டும்தான் பார்த்திருந்தார்.

முதல் படத்தில் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. அடுத்ததில் வெள்ளை லேஸ் கட்டிய கேன்வாஸ் ஷூ. அதற்கடுத்ததில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. நாலாவதில் ஏதோ கனமான பூட்ஸ். கடைசிப் படத்தில், பூப்போட்ட லேடீஸ் செருப்பு. ஜாக்கெட்டும் அந்தப் படத்தில் தொளதொளவென்று முட்டி வரைக்கும் தொங்கியது.

வக்கீலம்மா நிமிர்ந்தார். குரல் தானாகவே இறங்கியது.

“உங்க ஆபீஸ்ல ஒருத்தர் தொடர்ந்து வரலைன்னா என்ன பண்ணுவாங்க?”

“பத்து நாள் பார்ப்பாங்கம்மா. அப்புறம் நம்பரை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.”

“ஒருத்தர் ஜாக்கெட்டை இன்னொருத்தர் போட்டுக்கிட்டு அவருக்குப் பதிலா போனா?”

பார்சல்காரர் மேஜைமேல் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“போட்டவங்களுக்கும் வேலை போயிடும்மா.”

ஏதோ எழுதப்போன நடுவர் பேனாவை மூடி வைத்தார்.

வக்கீலம்மா ஒவ்வொரு படமாக எடுத்துக் கவருக்குள் போட்டார்.

“ஐயா, படத்துல இருக்கிறது இவர்தான்னு கம்பெனியால நிரூபிக்க முடியாது. இதைத் திரும்ப எடுத்துக்கறோம்.”

“அவரே ஒத்துக்கிட்டாரேம்மா?”

“அவர் எந்த நாள் ஐயா தன் முதுகைப் பார்த்திருக்காரு, அடையாளம் சொல்றதுக்கு?”

நடுவர் சிரித்துவிட்டார். “அப்ப டாக்டர் ரிப்போர்ட் ஒண்ணுதான் மிச்சம். அதுல சந்தேகம் ஏதாவது இருக்கா?”

“இல்லைங்க ஐயா.”

“அப்ப ஆபரேஷனுக்கு நாள் பார்க்கச் சொல்லுங்க.”

பார்சல்காரரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் மட்டும் இன்னும் வக்கீலம்மாவின் கையிலிருந்த கவரையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீலம்மா அதை நாலாகக் கிழித்துத் தன் கைப்பைக்குள் திணித்துக்கொண்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

வெளியே வராந்தாவில் கேமராக்காரர் காத்திருந்தார். இருந்த கோபம் எல்லாம் அவர் மேல் திரும்பியது.

“ஒரே ஒரு முகம் எடுத்திருந்தா இது அந்த ஆளே இல்லைன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நான் பாட்டுக்கு ஒரு அப்பாவியை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தேன். இத்தனை வருஷமா என்னதான் படம் எடுக்கறீங்க நீங்க?”

“முகமும் எடுத்தேன் மேடம்,” என்றார் அவர், கேமராவைப் பையில் வைத்துக்கொண்டே. “அப்புறம் அழிச்சுட்டேன்.”

“அழிச்சீங்களா? ஏன்?”

“அதைக் குடுத்தா அந்த அஞ்சு பேருக்கும் வேலை போயிடுமே மேடம். ஆனா இது அவர் இல்லைன்னு உங்களுக்கும் தெரியணுமே. அதான், கால் தெரியாத படம் ஒண்ணுகூட உங்ககிட்ட குடுக்கல.”