மூன்று மடங்குக் கட்டணம்

"இவரு நோட்டு மட்டும் இனிக்குது, எங்க நோட்டு கசக்குதோ?"

கந்தம்மாள் போட்ட சத்தத்தில் கல்லூரி ஆபீஸ் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

பின்னே என்ன? மகள் கண்மணியைக் கூட்டிக்கொண்டு அவள் பாச்சலூர் மலையிலிருந்து இறங்கி வருவது இது மூன்றாவது தடவை. பி.எஸ்ஸி. கணக்கு வகுப்புக்கு மனுப் போட்டு ஒரு மாதம் ஆகிறது. பணத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து நீட்டினால், கம்பி ஜன்னலுக்கு உள்ளே இருக்கும் கிளார்க் குமாரவேல் இரண்டு தடவையும் ஒரே பாட்டைத்தான் பாடினார்.

"இப்ப வாங்க முடியாதும்மா. அப்புறம் வாங்க."

இன்று கடைசி நாள். வெள்ளனே கிளம்பும்போதே வீட்டுக்காரர் நாச்சிமுத்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இன்னைக்கும் ரசீது இல்லாம வந்தீங்கன்னா படிப்புப் பேச்சு இத்தோட சரி. ஆவணியில எங்கக்கா மகனுக்குப் பரிசம் போட்டுருவேன்."

இங்கே வந்து பார்த்தால், இவர்களுக்கு முன்னால் ஒரு நரைத்த தலைக்காரர் நின்றிருந்தார். கையில் குடை. குமாரவேல் அவரைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"பேரு?"

"இருதயசாமி."

"எந்த நாட்டுப் பிரஜை?"

"சிலோன்."

"ஏற்கனவே பட்டம் ஏதாவது வாங்கியிருக்கீங்களா?"

"ஆமாங்க. கொழும்புல பி.ஏ."

"அப்பக் கேட்டுக்குங்க. வெளிநாட்டுக்காரருக்கு ரெண்டு மடங்கு. பட்டம் வாங்கினவங்க மறுபடியும் சேர்ந்தா அதுக்கு மேல ஒரு மடங்கு. ஆக மூணு மடங்கு. சலுகை ஒண்ணும் கெடையாது."

"பரவாயில்லங்க. எழுதுங்க."

"வகுப்பு?"

"பி.எஸ்ஸி. கணக்கு."

நோட்டுகளை எண்ணி வாங்கி, டர்ரென்று ரசீதைக் கிழித்துக் கொடுத்தார் குமாரவேல். அப்போதுதான் கந்தம்மாள் வெடித்தாள்.

"யம்மா, சும்மா இரும்மா. எல்லாரும் பாக்குறாங்க" என்று கண்மணி கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாக்கட்டும்டி! மூணு மடங்கு குடுத்தா மூணு நிமிசத்துல ரசீது. ஒரு மடங்கு குடுக்குறவ மூணு தடவ மலை எறங்கணும். இதாய்யா ஒங்க நாயம்?"

"அம்மா, கொஞ்சம் பொறுங்க..." என்றார் கிளார்க்.

"பொறுத்துத்தான் ஒரு மாசம் ஓடிப்போச்சு! எனக்கு என்ன சோலி இல்லையா? ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலி போகுதுய்யா."

வரிசையில் பின்னால் நின்ற கன்னிவாடிக்காரர் ஒருவர், "அந்தம்மா கேக்குறது சரிதானே?" என்று ஒத்து ஊதினார்.

கந்தம்மாளுக்கு அது போதுமாயிருந்தது. நரைத்த தலைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"பெரியவரே, ஒங்களுக்கே இது நல்லாருக்கா? ஒரு பட்டம் வாங்கியாச்சு, தலையும் நரைச்சாச்சு. காப்பித் தோட்டத்துல பழம் பறிச்சுக்கிட்டே படிச்ச புள்ள இது. இவ சீட்டுதானா ஒங்க கண்ணுல பட்டுச்சு? ஒங்க சிலோன்ல காலேஜா இல்ல? மூணு மடங்கு என்னத்துக்குக் காணும்? ஒங்களுக்கெல்லாம் முப்பது மடங்கு போடணும்!"

இருதயசாமி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கண்மணியை ஒரு தடவை பார்த்தார்.

"நல்லாப் படிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

"பாத்தியாடி நக்கலை? சீட்டையும் பிடுங்கிட்டு ஆசீர்வாதம் வேற!"

"அம்மா, திட்டினது போதும். பணத்தை எடுங்க" என்றார் குமாரவேல்.

"என்னது?"

"பணத்தை எடுங்கன்னேன். ஒங்க மகளுக்கு ரசீது போடணும். வெரசா."

கந்தம்மாளின் கை முந்தானை முடிச்சிலேயே நின்றுவிட்டது.

"சீட்டுத்தான் போயிருச்சேய்யா?"

"யாரு சொன்னா? சீட்டு நாப்பது கெடக்கு. ஆளுதான் இல்ல." குமாரவேல் குரலைத் தணித்துக்கொண்டார். "இது புது வகுப்பும்மா. பத்துப் பேராவது சேரலைன்னா தொடங்கவே கூடாதுன்னு யுனிவர்சிட்டி உத்தரவு. ஒங்க மகளையும் சேர்த்து ஒம்பது மனுதான் வந்துச்சு. வகுப்பு நின்னுபோனா கட்டின பணம் திரும்பிவர ஒரு வருசம் ஆகும். அதனாலதான் ஒம்பது பேருகிட்டயும் வாங்காம வச்சிருந்தேன்."

"இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொன்னா இருக்குற ஒம்பதும் கலைஞ்சு போயிரும், வாயைத் தெறக்காதேன்னு பிரின்சிபால் உத்தரவு."

கந்தம்மாள் படிக்கட்டைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"அப்ப அந்தப் பெரியவரு... படிக்க வரலையா?"

"அவருக்கு என்னம்மா படிப்பு பாக்கி? அங்க தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல முப்பது வருசம் கணக்குச் சொல்லிக் குடுத்த வாத்தியாரு. சிலோன்லேர்ந்து கொண்டாந்த புஸ்தகங்களை எல்லாம் போன வாரம் எங்க லைப்ரரிக்கு வித்தாரு. இப்பக் கட்டினது அந்தக் காசுதான். அவரு விக்க வந்த அன்னைக்குத்தான், நீங்க திரும்பிப் போறப்ப ஒங்க மக அந்தப் படியில நின்னு அழுதுச்சு. அந்தப் புள்ள ஏன் அழுவுதுன்னு கேட்டாரு, விசயத்தைச் சொன்னேன். இன்னும் எத்தனை பேரு வேணும்னாரு."

குமாரவேல் பேனாவை மையில் தொட்டு, கண்மணியின் பெயரை எழுத ஆரம்பித்தார்.

"ஒருத்தர்தான்னேன்."